இருசம்மாள் கன்னத்துச் சிறுத்தை

இருசம்மாளின் இடது கன்னத்தில் இருப்பதைப் போல ஒரு தழும்பு எறையூரிலிருந்து மீன்சுருட்டி வரை எந்த ராசாவின் முகத்திலும் இருந்ததில்லை. பச்சைமலையிலிருந்து இறங்கிய சிறுத்தை அவளோடு மல்லுக்கு நின்று, தோற்று, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன இடம் அது. அவள் தம்பி உத்திராபதி டீக்கடையில் இப்படித்தான் அளந்துகொண்டிருந்தான். எட்டாவதோடு படிப்பு அவனை விட்டது, புளுகு விடவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஆலைக்குக் கரும்பு வெட்டும்போது பக்கத்து வரிசைக்காரியின் கத்தி நழுவிக் கன்னத்தைக் கிழித்தது. அம்மா ஆண்டாயி ஊர் வழக்கப்படி துணியைக் கருக்கி, சாம்பலைக் காயத்துக்குள் அப்பினாள். ரத்தம் நின்றது. ஆறிய பிறகு பார்த்தால், பச்சை குத்தியதுபோல நீலமாக ஒரு தடிப்பு.

“கரி தோலுக்குள்ளயே தங்கிடுச்சும்மா. முழுசா போகாது,” என்றார் பெரம்பலூர் டாக்டர். “வெயில் படாம மூடிக்க. தெனம் களிம்பு போட்டு அமுக்கித் தேய். கொஞ்சம் மங்கும்.”

தையில் கல்லங்குறிச்சியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் மங்க வேண்டும். இருசம்மாள் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு கரும்பு வெட்டினாள். களிம்பு தீர்ந்தபோது உத்திராபதி கை நிறைய டியூப் கொண்டுவந்தான்.

“ஏதுடா?”

“நர்சம்மா சும்மா குடுத்தாங்க. உன் மூஞ்சிய நெனச்சாலே தூக்கம் வரலியாம்.”

அந்த வாரம்தான் அவன் சண்டைக்கு வளர்த்த கட்டுச்சேவலை நரி தூக்கிக்கொண்டு போனதாம்.

தை வந்தது. தடிப்பு அமுங்கியிருந்தது, நீலம் போகவில்லை. மாப்பிள்ளையின் தாய் குஞ்சம்மாள் பெண்ணின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கட்டைவிரலை எச்சிலில் நனைத்துத் தழும்பைத் தேய்த்தாள்.

“மையின்னு நெனச்சேன். போவலயே.”

காப்பியைத் தொடாமல் எழுந்தார்கள். “சொல்லி அனுப்புறோம்.”

ஆண்டாயி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இருசம்மாள் துண்டில்லாமல் கரும்புக் கொல்லைக்குக் கிளம்பினாள். உத்திராபதி துண்டும் டியூபுமாகப் பின்னால் ஓடினான்.

“அக்கா, வெயிலு. சுத்திக்க.”

“யாருக்குடா மூடணும் இனிமே?”

“சிறுத்தைக்குக் கூச்சமா இருக்கும்ல.”

அவள் சிரிக்கவில்லை. டியூபைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வளையல் வாங்கப் போனப்பவே பாத்தேன். மருந்துக்கடை வாசல்ல உன் சேவலு கட்டிக் கெடக்கு. என்னையப் பாத்ததும் கொக்கரிக்குது. நரி எப்படா பெரம்பலூருல மருந்துக்கட வச்சிச்சு?”