பின் சீட்டும் எலுமிச்சம்பழமும்

கார் வாங்குவதாக வீட்டில் பேச்சு எழுந்தபோது நான் ஒன்றுதான் கேட்டேன். எந்தக் காராக இருந்தாலும் இருக்கட்டும், பணம் கட்டுவதற்கு முன்னால் என்னைப் பின் சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும்.

எனக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. பித்த உடம்பு. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவேன். கதவை அடைத்து ஏ.சி.யைப் போட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். ஒரு கல்யாணத்துக்கு வாடகைக் காரில் போனோம். மாப்பிள்ளை வீட்டார் சந்தனக் கும்பாவோடு வாசலில் நிற்கிறார்கள். இறங்கின வேகத்தில் அவர்கள் கோலத்தின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். பாலக்கரையில் மாவு மில் நடத்தி, வாளியும் தூக்குமாக வரிசையில் நிற்கிற சனத்தை ஒரு பார்வையிலேயே ஒழுங்குபடுத்தியவள் நான். அன்றைக்கு நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அதன்பிறகு யார் காரில் கூப்பிட்டாலும், "வீட்ட யாரு பாத்துக்கிறது?" என்று சொல்லிவிடுவேன்.

பஸ் இருந்தவரை அதனால் ஒரு குறையும் இல்லை. முட்டி போனபிறகு பஸ் படி ஏற முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் அக்கா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அவளால் இனி இங்கே வர முடியாது. நான்தான் போக வேண்டும். போனில் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "எப்ப வருவ? வீட்ட யாரு பாத்துக்கிறது?" என்று என் பதிலையும் அவளே சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

கார் வாங்கலாம் என்று மகன் சொன்னது இதற்காகத்தான். ஆனால் எந்தக் கார் என்பதில் அவனுக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. அவன் பொன்மலையில் ரயில்வே வேலையில் இருக்கிறான். அவனுக்கு ஹைபிரிட்.

"பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டும்மா. ஓடும்போதே பேட்டரி தானா ஏறிக்கும். பிளக்குல சொருகவே வேணாம். கன்யாகுமரி வரைக்கும் கவலையில்லாம போகலாம்."

மருமகள் சமயபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். லாரிக்கு நடுவில் தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறவள். அவளுக்கு எலக்ட்ரிக்.

"வருஷத்துக்கு ஒரு தடவ கன்யாகுமரி போறதுக்கு, நான் தினமும் பெட்ரோல் பங்க்ல நிக்கணுமா? நமக்குத் தனி வீடு. ராத்திரி சொருகுனா காலைல ரெடி."

"நடுவழில சார்ஜ் தீந்தா நீதான் எறங்கித் தள்ளணும்."

"தள்ளுறேன். உங்க பழைய வண்டிய இத்தன வருஷமா யாரு தள்ளுனா?"

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் படித்தவள். ஆனாலும் இந்தப் பேச்சு எனக்குப் புரிந்தது. என் மில்லில் மோட்டார் ஓடியது. எதிர்ச் சாரியில் டீசல் எஞ்சின் மில். கரண்டு போனால் என் கூட்டம் அங்கே போகும். கரண்டு வந்தால் புகைக்கும் சத்தத்துக்கும் பயந்து அந்தக் கூட்டம் இங்கே வரும். மகன் கேட்கிற கார் இரண்டையும் ஒரே கொட்டகையில் வைத்த மாதிரி. மருமகள் கேட்பது என் மில் மாதிரி. இரண்டிலும் மாவு அரைபடும். என் வயிறு எதில் புரளாது என்பதை மட்டும் ஏறித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு கிளம்பினேன். முதலில் ஹைபிரிட். மகன் ஓட்டினான், கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார், நானும் மருமகளும் பின்னால். சிக்னலில் வண்டி சத்தமே இல்லாமல் நின்றது.

"ஆஃப் ஆயிடுச்சா?" என்றேன்.

"இல்லம்மா, பேட்டரில இருக்கு," என்றார் கடைக்காரர்.

காவிரிப் பாலத்தில் ஏறும்போது எஞ்சின் மெல்ல முனகிக்கொண்டு எழுந்தது. லேசாகத் தலை சுற்றியது. பழத்தை முகர்ந்து முகர்ந்து ஒருவழியாகச் சமாளித்துவிட்டேன்.

அடுத்தது வேறொரு கடையில் எலக்ட்ரிக். சத்தமும் இல்லை, வாடையும் இல்லை. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் மகன் மிதித்தால் வண்டி பாய்ந்தது. காலை எடுத்தால், யாரோ பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்த மாதிரி நின்றது.

"காலை எடுத்தா வேகம் கொறஞ்சு பேட்டரிக்கு சார்ஜ் ஏறும் சார். பிக்கப் பாருங்க," என்றார் அந்தக் கடைக்காரர். மகன் பார்த்துக்கொண்டே இருந்தான். மாம்பழச் சாலை வரும்போது நான் அவன் தோளைத் தட்டினேன்.

தெருவோரம் நின்று வாந்தி எடுத்தேன். கடைக்காரர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்து, "பரவால்ல பாட்டி, பரவால்ல," என்றார். அதுவரை அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதான். ஹைபிரிட்," என்றான் மகன். மருமகள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள்: "அதையே வாங்கிக்கலாம் அத்தை. உங்களுக்கு ஒத்துக்கணும்ல. நீங்க பெரியம்மாவப் பாக்கணும்."

அவள் சிரித்துச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. ஹைபிரிட்டிலும் எனக்குத் தலை சுற்றத்தானே செய்தது? புதுக்கோட்டை தாண்டிப் போவதற்குள் என்ன ஆகும்? அப்போதுதான் ஒன்று தோன்றியது. கண் ஆஸ்பத்திரிக்கு இவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய் வந்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. மகனின் பைக்கில் தெருமுனை போவதற்குள் அவன் முதுகில் என் மூக்கு இடித்துவிடும். அதுவும் திறந்த வண்டிதான், இதுவும் திறந்த வண்டிதான். ஓட்டுகிற கைதான் வேறு.

"ஏம்மா, லைசென்ஸ் இருக்குல்ல உங்கிட்ட?"

"இருக்கு அத்தை. அண்ணன் கார ஓட்டிருக்கேன்."

"அந்தக் கரண்டு காரை நீ ஓட்டு. நான் ஏறுறேன்."

மகன் உள்ளேயிருந்து வந்துவிட்டான். "அவளா? பாலத்துல லாரியா வரும்மா."

"நீ வந்து என் பக்கத்துல உக்காரு. கவரைப் புடிச்சுக்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். மருமகள் சாவியை வாங்குவதற்கு முன்னால், "காலை எடுத்தா இழுக்குதே, அதக் கொறைக்க முடியுமா?" என்று கேட்டாள். கடைக்காரர் எதையோ தொட்டார், குறைந்துவிட்டது.

"இத அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல?" என்றான் மகன்.

"சார் பிக்கப் மட்டுந்தான கேட்டீங்க."

அவள் ஓட்டினது, நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடக்கிற மாதிரி இருந்தது. மாம்பழச் சாலை வந்தது. அம்மா மண்டபம் பக்கம் திரும்பினோம். திரும்பி வரும்போது பாலத்தில் ஆற்றைப் பார்த்தேன். மணல் திட்டில் நாணல் பூத்திருந்தது. எப்போதும் காரில் கண்ணை மூடிக்கொண்டே வந்தவளுக்கு, அது தெரிந்ததே ஆச்சரியம்தான். வயிறு என்று ஒன்று இருப்பதே மறந்திருந்தது. பக்கத்தில் மகன்தான் கையில் கவரோடு, பிரேக் இல்லாத இடத்தில் காலை அழுத்திக்கொண்டே வந்தான்.

"எப்படிம்மா இருக்கு?" என்றான்.

"வண்டி நல்லாத்தான் இருந்திருக்கு," என்றேன். முன்னால் மருமகளின் தோள் குலுங்கியது.

எலக்ட்ரிக்கே வாங்கினோம். சமயபுரத்தில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினோம். மிச்சமிருந்த ஒரு பழத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். மறுவாரம் அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். முழுசாக சார்ஜ் ஏற்றியிருந்தும், மகன் வழியெல்லாம் அது எவ்வளவு இறங்குகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். போய்த் திரும்பியும் மிச்சம் இருக்கும் என்று மருமகள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். நான் கீரனூர் தாண்டியதும் தூங்கிவிட்டேன். காரில் தூங்கியது அதுதான் முதல் தடவை.

அக்கா கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தாள். இளைத்திருந்தாள், வாய் மட்டும் இளைக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையைப் பிரித்துப் பார்த்தாள்.

"ஏண்டி, நான் என்ன மந்திரியா? எலுமிச்சம்பழத்தோட பாக்க வந்திருக்க?"

முகராமலே கொண்டுவந்த பழம். மருமகள் அதை வாங்கிப்போய்ச் சர்பத் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு டம்ளரில் ஆளுக்குப் பாதி குடித்தோம். என் விரலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"வீட்ட யாருடி பாத்துக்கிறது?"

"பூட்டிட்டு வந்துட்டேன்க்கா," என்றேன்.