மோட்டார் ஓடும்போது சோதித்த வால்வு

வெள்ளிக்கிழமை மாலை தங்கையின் ஆம்ப்ளிஃபையருக்குள் நீல நிறத்தில் ஒரு மின்னல் வெட்டியது. ஃபியூஸ் போயிற்று. புதிய ஃபியூஸ் போட்டாள். மறுபடியும் அதே மின்னல். வீட்டு மின்சாரத்தை ஆம்ப்ளிஃபையருக்கு வேண்டிய நேர்மின்சாரமாக மாற்றித் தரும் ரெக்டிஃபையர் வால்வு, பழைய வானொலிகளில் இருக்குமே அந்தக் கண்ணாடிக் குழாய், செத்துவிட்டது என்றாள்.

பொறியியல் இறுதியாண்டில் இருந்த அவள் நான்கு மாதம் கையாலேயே கட்டிய கருவி அது. திங்கள் காலை பத்து மணிக்குத் தேர்வாளர்கள் முன்னிலையில் அது பாடவேண்டும். பாடாவிட்டால் அந்தப் பருவமே வீண். அதற்குப் பதில் இக்காலத்து டயோடு போட்டு ஒப்பேற்றவும் வழியில்லை, முழுக்க முழுக்க வால்விலேயே இயங்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். இணையத்தில் வாங்கினால் மூன்று வாரம். கோவையில் கேட்ட கடைகளில் எல்லாம் கையை விரித்தார்கள். கடைசியில் அன்னூருக்கு அப்பால் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கிடைத்தார். மூடிப்போன திரையரங்கு ஒன்றின் ஒலிக்கருவிகளை மொத்தமாக வாங்கி வைத்திருந்தவர். அந்த ரகத்தில் அவரிடம் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று.

சனிக்கிழமை முற்பகல் இருவரும் போனோம். வால்வைப் பார்த்து வாங்குவது அவள் பொறுப்பு, விலை பேசுவது என் பொறுப்பு என்று பேருந்திலேயே பிரித்துக்கொண்டோம். கல்லூரி மேடைகளில் பட்டிமன்றம் பேசிப் பழகியவன் நான். எதிரணியின் கையிலிருக்கும் சான்றையே பிடுங்கி அவர்கள் மீது திருப்பிவிடுவதில் எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரையும் உடன் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை, மேலே மின்விசிறி, மேசைமேல் பெட்டி போன்ற பழைய வால்வு டெஸ்டர், அதன் முகத்தில் ஒரு முள். முள் பச்சைப் பட்டைக்குப் போனால் வால்வுக்கு உயிர் இருக்கிறது. சிவப்பில் நின்றால் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு கேள்விக்குறி.

அவர் வால்வைத் துணியிலிருந்து எடுத்துக் காட்டினார். உச்சியில் வெள்ளிப்பூச்சு கண்ணாடிபோல் மின்னியது. தங்கை அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். காதோரம் வைத்து மெல்ல ஆட்டினாள். உள்ளே எதுவும் உருளவில்லை. பிறகு டெஸ்டரில் செருகினார். இழை சிவந்தது. நாங்கள் மூவரும் முள்ளைப் பார்த்தோம். அது ஏறியது, தயங்கியது, கேள்விக்குறியில் நின்றுவிட்டது.

"போன வாரம் பச்சைலதானுங்க நின்னுச்சு," என்றார் அவர். "மூவாயிரத்தி ஐந்நூறுங்க. நல்ல சாமானுங்க."

எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எழுந்து நின்றேன் என்று நினைக்கிறேன். பேச்சு வந்தால் எழுந்துவிடுவது வழக்கம். போன வாரம் பச்சையில் நின்றது இந்த வாரம் நிற்கவில்லை என்றால் அது சரிந்துகொண்டே போகிறது என்றேன். மீட்டர் உங்களுடையது, எங்களுடையது அல்ல என்றேன். சந்தேகம் என்று கருவியே சொல்லும் பொருளுக்கு முழு விலை கேட்பது எந்த நியாயம் என்றேன். நடுவில் தங்கை என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். மேடையில் அப்படி இழுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அதை ஊக்கமாக எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்தேன்.

நான் முடித்ததும் தலையசைத்தார்.

"செரியாத்தானுங்க சொல்றீங்க தம்பி. கெட்ட சாமான வித்தேங்கற பேரு நமக்கு வேண்டாமுங்க."

விலையைக் குறைக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ வால்வைக் கழற்றித் துணியில் பிடித்து, இழுப்பறையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். வால்வைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் கறுப்பாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் தங்கை.

"செத்தத நான் வெச்சிருக்க மாட்டேன் அம்மணி. இந்த மூக்க ஒடிச்சா உள்ள காத்துப் போயிரும், மேல இருக்கற வெள்ளி பாலாட்டம் வெளுத்துரும். அப்புறம் எவனும் நல்லதுன்னு சொல்லி விக்க முடியாதுங்க. எப்பவும் இப்படித்தான் செஞ்சுபோடறது."

பிளேயரின் வாய் மூக்கைக் கவ்வியது.

"ஐயோ, நிறுத்துங்க! ஃபேனப் பாருங்க!" என்று கத்தினாள் தங்கை.

மூவரும் மேலே பார்த்தோம். விசிறி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் வந்தபோது அது காகிதங்களைப் பறக்கடித்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெளியே தோட்டத்து மோட்டார்கள் இரைந்துகொண்டிருந்தன. விவசாயத்துக்கான மும்முனை மின்சாரம் வந்ததும் அக்கம்பக்கத்து மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கியிருந்தன.

"வோல்டேஜ் எறங்கிப்போச்சுங்க. இழை நல்லாச் சூடாகல, அதான் முள்ளு ஏறல. வால்வு நல்லாத்தான் இருக்கும்," என்றாள்.

நானும் சேர்ந்துகொண்டேன். வால்வின் மேன்மையைப் பற்றி ஏதோ தொடங்கினேன். அவர் பிளேயரை எடுக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இப்பத்தான் கெட்டதுன்னு நின்னுட்டுப் பேசுனீங்க. இப்ப நல்லதுங்கறீங்க. எதுங்க பொய்யி?"

மேடையில் என்னை மடக்கியவர்கள் உண்டு. அங்கே அடுத்த வாக்கியம் எப்படியாவது வந்துவிடும். இங்கே வரவில்லை. அவர் விரல்கள் இறுகினால் தங்கையின் திங்கட்கிழமை முடிந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை, பிளேயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல சொன்னதுதானுங்க பொய்யி," என்றேன். "வெலையக் கொறைக்கச் சொன்னேன். வால்வப் பத்தி எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

"அதச் சொல்ல எதுக்குங்க எந்திரிச்சு நின்னீங்க?"

நான் உட்கார்ந்தேன்.

தங்கை கையை நீட்டினாள். "அந்தப் பிளேயரக் கொஞ்சம் குடுங்க."

அவர் தயங்கித்தான் கொடுத்தார். மின்னழுத்தத்துக்கு ஏற்ப டெஸ்டரைச் சரிசெய்யும் திருகின் குமிழ் என்றோ உடைந்து, வெறும் தண்டு மட்டும் இருந்தது. அவர் அதைத் தொட்டே பல காலம் ஆகியிருக்கவேண்டும். அவள் வால்வைச் செருகி, தண்டைப் பிளேயரால் பிடித்துத் திருப்பினாள். அசையவில்லை. மீண்டும் திருப்பினாள். கரகரத்துக்கொண்டு நகர்ந்தது. மின்னழுத்தம் சரி என்று காட்டும் கோட்டுக்கு முள் வந்து நின்றதும் கையை எடுத்தாள்.

இந்த வால்வுக்குள் இரண்டு பாதிகள் உண்டு, இரண்டும் தேறவேண்டும். இழை இப்போது முன்னைவிட வெளிச்சமாக எரிந்தது. முதல் பாதிக்குப் பொத்தானை அழுத்தினாள். முள் கேள்விக்குறியைத் தாண்டிப் பச்சைக்குள் போய் நின்றது. இரண்டாவது பாதி. முள் ஏறியது, கேள்விக்குறியின் ஓரத்தில் நடுங்கியது, பச்சையின் தொடக்கக் கோட்டைத் தொட்டது. அவள் பொத்தானை விடவில்லை. மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்; உதடு அசைந்தது. முள் இறங்கவில்லை.

"ஒரு பக்கம் கொஞ்சம் கம்மிதானுங்க. ஆனா ஓடும்," என்றாள்.

"ஓடுமுங்க," என்றார் அவர். "வெலை அதேதானுங்க."

நான் எண்ணிக் கொடுத்தேன். பணத்தை வாங்கிக்கொண்டு, துணியில் சுற்றிய வால்வை என்னைக் கடந்து அவள் கையில் கொடுத்தார். "மடில வெச்சுட்டுப் போங்க அம்மணி. உங்கண்ணங்கிட்டக் குடுத்தறாதீங்க, பேசியே ஒடச்சுப்போடுவாரு."

பேருந்தில் கோவில்பாளையம் வரைக்கும் வால்வை மடியில் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். பிறகு, "நான் எதுக்குச் சட்டைய இழுத்தேன்னு நெனச்சே?" என்று மட்டும் கேட்டாள். நல்லவேளையாக நடத்துநர் வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வால்வைப் பொருத்தினாள். என்னைக் கதவோரம் நிற்கச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டாள். இழை மெல்லச் சிவந்தது. நீல மின்னல் வருகிறதா என்று குனிந்து பார்த்தபடியே இருந்தாள். வரவில்லை. ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல் எழுந்து அடங்கியது.

மைக்கைச் செருகி என்னிடம் நீட்டினாள்.

"பேசுண்ணா."

"என்ன பேசறது?"

"எதையாச்சும் பேசு. சத்தம் எப்படி வருதுன்னு பாக்கோணும்."

வாங்கிக்கொண்டேன். "ஒன்று, இரண்டு, மூன்று," என்றேன்.