நாற்பது பேர் நடந்த கோடு

பேட்டைப் பள்ளி ஒன்றுக்கு ஆய்வுக்குப் போயிருந்தேன். கணக்கு டீச்சரின் சேலையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"0.4ஐ விட 0.35தான் பெருசு டீச்சர். முப்பத்தஞ்சுல்லா?" என்றாள் ஒரு சிறுமி.

"தப்பு" என்று டீச்சர் சொல்லவே இல்லை. தரையில் பூச்சியம் முதல் ஒன்று வரை கோடு போட்டு, அதைப் பத்துப் பெரிய கட்டங்களாகவும் ஒவ்வொன்றையும் பத்துச் சின்னக் கட்டங்களாகவும் பிரித்திருந்தார். "மூணு பெரிய கட்டம், அஞ்சு சின்னக் கட்டம். பைய நடந்து பாரு."

நடந்து நின்றவள், 0.4 இன்னும் முன்னால் இருப்பதைக் கண்டு திகைத்தாள். பிறகு நாற்பது பேரும் நடந்தார்கள். மணி அடித்துவிட்டது.

"0.40 என்று பூச்சியம் சேர்த்திருந்தால் இரண்டு நிமிஷம்தானே?" என்றேன்.

"விடை வந்துரும் சார். அது எங்கன இருக்குன்னு தெரியாதுல்லா?"

படிவத்தில் "நடத்திய கணக்குகள்: 1" என்று எழுதினேன். நாற்பது பேர் நடந்ததை எழுத அதில் கட்டம் இல்லை.