புது டயர்களுடன் ஏரியூருக்கு

1986ஆம் ஆண்டு, மாசி மாதத்து ஒரு புதன்கிழமை, காலை ஐந்தரை மணிக்குச் சேலத்தில் என் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டேன். இவ்விதழில் நான் முன்பு எழுதிய பயணங்கள் யாவும் ஏதேனும் ஒரு கோபுர வாயிலில் முடிந்தவை. இப்பயணத்தில் கோயில் இல்லை. எட்டாண்டுகள் என்னைச் சுமந்த மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு வருவதற்காகச் சென்றேன்.

அறுபத்தொரு வயதில் கண் மங்கிவிட்டது. இனி வண்டி ஓட்டலாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்கு முந்தைய மார்கழியில் தருமபுரி மாவட்டத்து ஏரியூரில் பத்து நாள் பதிக விளக்கம் சொல்லச் சென்றிருந்தபோது இதைப் பேச்சுவாக்கில் கூறினேன். கேட்டுக்கொண்டிருந்த முனிரத்தினம் என்ற உழவர் எழுந்து நின்று, "அந்த வண்டிய எனக்கே குடுத்துருங்க சாமி. வேற எவனுக்கும் குடுக்கப்படாது" என்றார். மல்பெரித் தோட்டம் வைத்துப் பட்டுப்புழு வளர்ப்பவர். கூடுகளை மூட்டையாகக் கட்டித் தருமபுரிக்குக் கொண்டு செல்ல அவருக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று பேசி முடித்தோம். நாளும் அவரே குறித்தார்: புதன்கிழமை, பன்னிரண்டு மணி இராகு காலத்துக்கு முன்னதாக வண்டி அவர் வாசலில் நிற்க வேண்டும்.

காலை ஆறே முக்காலுக்குத் தொப்பூர்க் கணவாய். விடியல் வெளிச்சம் குன்றுகளின் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. லாரிகள் வரிசையாக முனகி ஏறின. வழக்கம்போல் ஒரு பதிகத்தை வாய்விட்டுப் பாடியபடி நானும் ஏறினேன். மேடு கடுமையான இடத்தில் என் வண்டி உரக்கக் கத்தியது; ஆனால் முன்னேறவில்லை. எந்திரத்தின் வேகம் சக்கரத்துக்குச் சென்று சேரவேயில்லை. நெடுநேரம் சூடேறிய கயிறு கருகுவது போன்ற ஒரு வாடை எழுந்தது. செங்கல் ஏற்றிய லாரி ஒன்று என்னைக் கடந்து சென்றது. அதன் கிளீனர் தலையை வெளியே நீட்டி, "தாத்தா, எறங்கித் தள்ளுங்க, சீக்கிரம் போவலாம்!" என்று சிரித்தான். இறங்கித்தான் தள்ளினேன்.

ஏழு ஐம்பதுக்குத் தருமபுரியை அடைந்தேன். சேலத்திலிருந்து அறுபத்து நான்கு கிலோமீட்டர். பென்னாகரம் சாலை பிரியும் இடத்தருகே, டயர்களை மாலைபோல் மூங்கிலில் கோத்துத் தொங்கவிட்ட ஒரு கடை இருந்தது. உரிமையாளர் கரீம் பாய். டயரும் விற்பார், வண்டியும் பழுது பார்ப்பார். நான் அங்கு நின்றது டயருக்காகத்தான். என் வண்டியின் பின் டயர் வழுக்கைத் தலையாகிவிட்டிருந்தது; முன் டயரும் தேய்ந்திருந்தது. வண்டியை அப்படியே கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனமில்லை.

பளபளவென்று கறுப்பாக மின்னிய ஒன்றைக் காட்டி, "இது என்ன விலைங்க?" என்றேன்.

"அதுவா? அது உங்களுக்கு வேணாங்க பெரியவரே. பழைய டயருக்கு மேல்தோல் மட்டும் புதுசா ஒட்டுனது. மாப்பிள்ளைக்கு மை பூசுன மீசை மாதிரி. வேர்த்தாத் தெரிஞ்சிரும்."

பிறகு ஒவ்வொன்றாக இறக்கினார். ஒரு டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் வளைத்து, மயிரிழை போன்ற வெடிப்புகளைக் காட்டினார். புதியதேயானாலும் கடையிலேயே கிடந்து இறுகிப்போனது அது, வாங்கலாகாது என்றார். முன் சக்கரத்துக்குக் கோடு கோடாய் நீளவாக்கில் பள்ளம் உள்ளது, பின் சக்கரத்துக்கு ஆழமான கட்டம் கட்டமாய் உள்ளது என்று விளக்கினார். பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். சக்கரம் அந்தத் திசையில்தான் சுழல வேண்டும். "சும்மா ஊருக்குள்ள போறதா, மூட்டை ஏத்தறதா?" என்று கேட்டார். மூட்டை ஏற்றுவது என்றேன். கனம் தாங்கும் டயரை எடுத்துத் தந்தார். முன்புறம் நூற்றுத் தொண்ணூறு, பின்புறம் இருநூற்று நாற்பது. பேரம் பேசாமல் வாங்கினேன்.

சக்கரங்களைப் பூட்டி முடித்து, வண்டியைக் கடை வாசலில் ஒரு வட்டம் ஓட்டி வந்தவர் முகம் சுளித்தார். கிளட்ச் பிடியை விரலால் ஆட்டினார். "இதுல கொஞ்சங்கூட தொய்வே இல்லீங்களே" என்றார். பிறகு முன் பிரேக்கை இறுகப் பற்றி, மூன்றாவது கியரில் போட்டு, எந்திரத்தைச் சற்று முடுக்கிவிட்டு, கிளட்சைக் கைவிட்டார். நல்ல வண்டியானால் அக்கணமே திணறி நின்றுவிட வேண்டுமாம். என் வண்டி நின்ற இடத்திலேயே நின்றபடி கத்திக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா? ஆளு எடத்த வுட்டு நவுரல, வாய் மட்டும் ஓடுது. கிளட்சு பிளேட்டு தேஞ்சு போச்சுங்க. நீங்க எடது கைய எப்பவும் புடிமேலயே வெச்சிருப்பீங்களோ?"

அப்போதுதான் உணர்ந்தேன். வண்டியில் செல்லும்போதெல்லாம் பாடுவேன். பாடும்போதெல்லாம் இடது கை விரல்கள் கிளட்ச் பிடியின்மேல் தாளம் போடும். எட்டாண்டுகளின் தாளம் அந்தத் தகட்டைத் தின்றுவிட்டது.

"பிளேட்டு இருப்பு இல்லீங்க. மத்தியான பஸ்சுல வரும், காலையில மாட்டிக் குடுத்தர்றேன். எல்லாஞ் சேர்த்து நூத்திப் பத்து ரூபா ஆவும்."

"நேரமில்லைங்க. நான் இத இன்னைக்கு ஏரியூர்ல ஒருத்தருக்கு விக்கப் போறேன்."

கரீம் பாய் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராக்கம். "வாங்கறவருக்கு இது தெரியுமுங்களா?"

"தெரியும்" என்றேன்.

ஒரே சொல். நல்ல நேரம் தவறிவிடும், மறுநாள் மாலை சேலத்தில் சொற்பொழிவு இருக்கிறது என்றெல்லாம் வழியில் எனக்கு நானே காரணம் அடுக்கிக்கொண்டேன். உண்மை வேறு. ஏரியூரார் முன் என் வண்டி குறையுள்ளதாக நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. நானூற்று முப்பது ரூபாய்க்கு டயர் போட்டாயிற்று. அது இதற்கு ஈடாகிவிடும் என்றும் எண்ணினேன். இறைவன் கணக்குப் பார்க்கும் முறையை நாற்பதாண்டுகள் மேடையில் விளக்கியவனின் கணக்கு இது.

ஒன்பதரைக்குப் புறப்பட்டுப் பத்தரைக்குப் பென்னாகரம் சேர்ந்தேன், முப்பத்தொரு கிலோமீட்டர். புளிய மரங்களுக்கு அப்பால் கேழ்வரகு அறுத்த காடுகள் செம்மண்ணாய்க் காய்ந்து கிடந்தன. ஒகேனக்கல் செல்லும் பேருந்தில் எண்ணெய்ப் பாட்டிலும் துண்டுமாய்ச் சனங்கள் தொங்கிக்கொண்டு சென்றனர். பென்னாகரத்திலிருந்து ஏரியூர் பதினாறு கிலோமீட்டர். சமதரையில் வண்டி பழியில்லாமல் ஓடியது. முனிரத்தினத்தின் வீடு ஊருக்குச் சற்று வெளியே ஒரு மேட்டின்மேல். அந்த மேட்டில் மீண்டும் அதே கத்தல். எப்படியோ ஏறி, பதினொன்றரைக்கு அவர் வாசலில் நிறுத்தினேன்.

வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தனர். முனிரத்தினத்தின் மனைவி மங்கம்மா ஆரத்தித் தட்டோடு வந்தவர், குனிந்து பின் டயரைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, இங்க பாருங்களேன். டயரு ரெண்டும் புதுசு! விக்கற வண்டிக்கு யாராச்சும் புது டயரு போட்டுக் குடுப்பாங்களா?"

"சாமின்னா சும்மாவா?" என்றார் ஒரு கிழவர்.

முனிரத்தினம் பணத்தை வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினார். "ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிடுங்களேன்" என்று நான் சொன்னது, அவர் மறுப்பார் என்று அறிந்தே சொன்னது.

அவர் இரு காதுகளையும் தொட்டுக்கொண்டார். "சாமி ஓட்டுன வண்டிய ஓட்டிப் பாத்து வாங்கறதா? பாவம்ங்க. நீங்க திருநீறு வெச்சு ஒரு பதிகம் பாடுங்க, அது போதும்."

திருநீறு வைத்தேன். முன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பாடினேன். அந்நேரம் நாக்குக் குழறியது, அடி மறந்தது என்று எழுதினால் வாசகர்கள் என்னைச் சற்றே மன்னிக்கக்கூடும். ஆனால் அப்படி எதுவும் நிகழவில்லை. குரல் அன்று நன்றாகவே இருந்தது. உருகிப் பாட வேண்டிய இடத்தில் உருகியது. மங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வாழ்வில் நான் செய்த இழிவுகளில் அந்த நல்ல குரலைத்தான் முதலில் வைப்பேன்.

இலை போட்டார்கள். சோறும் அவரைக்காய்ப் பொரியலும் கெட்டித் தயிரும். "வெள்ளிக்கெழம பட்டுக்கூட்டு மூட்டைய வெச்சு, இவளையும் பின்னால உக்கார வெச்சு, தருமபுரிக்கு ஒரே மிதி" என்றார் முனிரத்தினம். நான் தயிரைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

பகல் ஒன்று நாற்பதுக்குப் பென்னாகரம் பேருந்து. பின் சன்னலோரம் இடம் கிடைத்தது. வாசலில் கூடியிருந்த கிழவர் அதே பேருந்தில் ஏறி என் அருகில் அமர்ந்தார்.

"சாமி, தப்பா நெனைக்கப்படாது. எம் மருமவனுக்கும் ஒரு வண்டி வேணுமுங்க. சேலத்துல தரகனுங்க எல்லாம் ஏமாத்திப் போடறானுங்க. நீங்க ஒண்ணு பாத்து, இது நல்லதுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். கண்ண மூடிக்கிட்டு வாங்கிக்கறேன்."

நான் எழுந்துவிட்டேன். "நிறுத்துங்க, இறங்கணும்" என்று கத்தினேன்.

நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "பெரியவரே, டிக்கெட்டு பென்னாகரத்துக்குல்ல வாங்குனீங்க? இது நடுக்காடுங்க!"

"தெரியும். இறங்கணும்."

"ஊட்டுல ஏதாச்சும் மறந்துட்டாராட்டம்" என்று கிழவர் எனக்காகச் சமாதானம் சொல்வது கேட்டது.

மூன்று கிலோமீட்டர் திரும்பி நடந்தேன். மாசி வெயில் அந்த மண்ணில் சித்திரைபோல் அடிக்கும். வாய் தன்போக்கில் ஐந்தெழுத்தைத் தொடங்கியது, நிறுத்திக்கொண்டேன். அப்போது அதை உச்சரிக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

இரண்டே முக்காலுக்கு அவர் வீட்டை அடைந்தேன். வண்டி புளிய மர நிழலில் மாலையோடு நின்றது. முனிரத்தினம் பதறி எழுந்து, "என்னங்க சாமி, பஸ்சு போயிருச்சுங்களா? தண்ணி கொண்டா, மங்கா!" என்றார்.

நின்றபடியே சொன்னேன். கிளட்ச் தேய்ந்துவிட்டது, மேட்டில் மூட்டையோடு ஏறாது, வெள்ளிக்கிழமை அதில் போகக்கூடாது. பணத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் சிரித்துவிட்டார். "அட, இதுக்கா வெயில்ல நடந்து வந்தீங்க? இந்த மேட்டுல நீங்க ஏறும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. அஞ்சு வருசம் டிராக்டரு ஓட்டுனவன் சாமி நானு. நாளைக்கே பிளேட்டு வாங்கியாரச் சொல்லி ஆளு அனுப்பிட்டேன். சாமிகிட்ட போயி இதச் சொல்றதான்னுதான் வுட்டுட்டேன்."

அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். தெரியாமல் கொண்டு வந்த ஒரு பெரியவராக, இன்னும் கூடுதலான மதிப்போடு, அடுத்த பேருந்தில் ஏறியிருக்கலாம். சொம்பை நீட்டிய மங்கம்மாதான் கேட்டார்:

"உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதுங்களா சாமி? பஸ்சுல யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்லம்மா. காலையில தருமபுரியிலயே தெரியும். டயர் போட்டவர் சொல்லிட்டார்."

சொம்பு அவர் கையிலேயே நின்றது.

"அப்ப தெரிஞ்சேதான் கொண்டாந்தீங்களா?"

"ஏய், சும்மாரு" என்றார் முனிரத்தினம்.

"நான் ஏஞ் சும்மாருக்கோணும்? நீதான சோறு போடறப்ப சொன்ன? பாவம், அந்த மனுசருக்குப் பதிகத்தத் தவுர ஒலகத்துல ஒண்ணுந் தெரியாது, அவரு மனசு நோவப்படாதுன்னு?"

முனிரத்தினம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பணத்தை நான் மீண்டும் நீட்டியபோது, "வண்டி வேணுமுங்க. பிளேட்டுக்கு ஆவறத மட்டும் குடுங்க" என்றார். நூற்றுப் பத்து ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டார். பிறகு வண்டியருகே சென்று மாலையைக் கழற்றிக் கிளையில் மாட்டினார். ஸ்டாண்டைத் தள்ளி, உதைத்துக் கிளப்பி, மேட்டில் இறங்கி, கத்தக் கத்த ஏறி வந்தார். குந்தி உட்கார்ந்து சங்கிலியை இழுத்துப் பார்த்தார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார். விளக்கைப் போட்டுப் பார்த்தார். அரை மணி நேரம், ஓர் உறுப்பும் விடவில்லை. நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை.

கடைசியாக அவர் பின் டயரில் கை வைத்தார். விரலால் கட்டங்களைத் தடவினார். முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்:

"டயராச்சும் புதுசுதானுங்களா? இல்ல, மேல ஒட்டுனதா?"

சாமி என்ற சொல் அதில் இல்லை. கேட்ட விதத்தில் கோபமும் இல்லை. சந்தையில் எவரும் எவரையும் கேட்பதுபோல் கேட்டார்.

"புதுசுதாங்க" என்றேன். அவர் கண்கள் என் முகத்திலேயே இருந்தன. என் சொல் அவரிடம் சென்று சேரவில்லை என்று தெரிந்தது. சட்டைப் பையைத் துழாவி, திருநீற்றுப் பொட்டலத்துக்கு அடியில் கிடந்த கடை ரசீதை எடுத்துக் கொடுத்தேன்.

"தேதியப் படி" என்றார் மங்கம்மா.

முனிரத்தினம் ரசீதை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி, அன்றைய தேதியை உரக்கப் படித்தார். "சரிதான்" என்று மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார்.

நான்கரை மணிப் பேருந்தில் ஏரியூரை விட்டுப் புறப்பட்டேன். சேலத்தில் இன்றும் மக்கள் என் சொல்லைக் கேட்க வந்து அமர்கிறார்கள். எவரும் என்னிடம் ரசீது கேட்பதில்லை.