அம்பயருக்கு உறவு இல்லை

கணேசலிங்கத்தை ஓரிடத்தில் இருத்திவைக்க இதுவரை எவராலும் முடிந்ததில்லை. கலியாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காரமாட்டார், வாசலில் நின்று கார் விட இடம் காட்டுவார். கோயிலுக்குப் போனால் சாமி கும்பிடுகிற நேரம் குறைவு, செருப்பை ஒழுங்காக வை என்று சனத்தைக் கலைக்கிற நேரம் அதிகம். வயது ஐம்பத்தாறு. லண்டன் நோர்பரியில் வீடு, டைல்ஸ் ஒட்டுகிற தொழில். ஒரு குளியலறைத் தரையை மயிரிழை பிசகாமல் ஒட்டி முடித்துவிட்டு, வீட்டுக்காரர் நீட்டுகிற தேத்தண்ணியை நின்றபடியே குடித்துக்கொண்டு, பக்கத்து அறைச் சுவர் ஏன் சரிந்திருக்கிறது என்று விசாரிக்கிற மனிதர்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு விசிலைக் கொடுத்தால் என்ன ஆகும்? கொடுத்துத்தான் பார்த்தார்கள்.

கொடுத்தவள் கௌசி. கனடாவில் பிறந்து வளர்ந்து, கலியாணம் செய்து லண்டனுக்கு வந்த பிள்ளை. ரொறன்ரோவில் வேலைக்குப் போகிற பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுகிற கிக்போலை இங்கேயும் தொடங்கினாள். நம் ஊர் எல்லே விளையாட்டு மாதிரித்தான், பந்தை அடிக்கிற தடி மட்டும் இல்லை. உருட்டிவிடுகிற பந்தைக் காலால் உதைக்கவேண்டும். உதைத்துவிட்டு பேஸ் என்கிற மூன்று தங்குமிடங்களைச் சுற்றி ஓடிவந்து, கடைசியில் ஹோம் என்கிற றப்பர் பாயை மிதித்தால் ஒரு ஓட்டம். மிதிக்குமுன் எறிந்த பந்து உடம்பில் பட்டால் அவுட். பத்துப் பேர் கொண்ட அணியில் நாலு பெண்களாவது இருக்கவேண்டும். வண்டியும் தொந்தியுமாக இருக்கிற சனம் கொஞ்சம் ஓடி வியர்க்கட்டும் என்பதற்கு மேல் கௌசிக்கு வேறு நோக்கம் இல்லை.

விதிகள் என்று அவள் வாட்ஸ்அப்பில் போட்டது ஒரே ஒரு பக்கம். கணேசலிங்கம் அதை வாசித்துவிட்டு, "பிள்ளை, இதில ஓட்டை கூட. எங்கட சனத்தை உனக்குத் தெரியாது" என்றார். இரண்டு கிழமை கழித்து முப்பத்தொரு விதிகள் எழுதி, லமினேற் பண்ணி, ஆறு அணிகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். தோளுக்கு மேலே பட்ட எறி செல்லாது. பியர் குடித்தவருக்கு இடமில்லை. அம்பயரோடு கப்டன் மட்டுமே கதைக்கலாம், அதுவும் தன் அணிக்குப் பாதகமான தீர்ப்பைப் பற்றி மட்டும், ஒரே ஒரு தரம். அம்பயர் தன் தீர்ப்பை மாற்ற விரும்பினால் அடுத்த பந்து உருளுமுன் மாற்றவேண்டும், உருண்ட பிறகு கடவுளே வந்தாலும் மாற்றமில்லை. ஆட்டம் முடிந்ததும் அம்பயர் உட்பட எல்லோரும் வரிசையில் வந்து கைகொடுக்கவேண்டும்.

"சொந்தக்காரர் விளையாடினால் அம்பயரா நிற்கக்கூடாது எண்டும் ஒண்டு போடுவமா அங்கிள்?" என்று கௌசி கேட்டாள்.

"அப்பிடிப் பார்த்தால் லண்டனில அம்பயருக்கு ஆள் மிஞ்சாது. எல்லாரும் எல்லாருக்கும் மச்சான்தான். விசிலைக் கையில எடுத்தால் எனக்கு உறவுமில்லை, ஊருமில்லை" என்றார் கணேசலிங்கம். அதில் அவருக்குப் பெருமை. ஊரில் பத்தொன்பது வயதில் ஒரு உதைபந்தாட்டத்துக்குக் கோட்டுக் கொடி பிடித்தவர் அவர். தமையன் போட்ட கோலுக்குச் சரியென்று கொடி காட்டினார். உண்மையில் அது சரியான கோல்தான். ஆனால் தம்பி தமையனுக்குச் சாய்ந்துவிட்டான் என்று கத்தல் எழும்பி, கோல் கம்பத்தைப் பிடுங்கி அடிக்கிற அளவுக்குப் போனது. தமையனின் முன்பற்கள் இரண்டு அன்றைக்கு மைதானத்திலேயே போயின. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பதை அன்று கற்றுக்கொண்டவர், அதன்பிறகு அந்த வாய் திறக்கவே காரணம் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

அந்த முடிவின் செலவை யார் கட்டினார்கள் என்று கேட்டால், சந்தேகமென்ன, அவருடைய மனைவியும் மகளும்தான். லண்டனுக்கு வருமுன் ஜேர்மனியில் டோர்ட்முண்டில் இருந்த பதினாலு வருடத்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை அவர்தான் நடத்தினார். ஒரு வருடம் மகள் றூபினி பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தாள். அதிபரின் மகளுக்குக் கொடுத்தால் சனம் கதைக்கும் என்று, முதற்பரிசை இரண்டாவதாக வந்த பிள்ளைக்குக் கொடுத்தார். கோயில் அன்னதானத்தில் கரண்டி பிடித்து நின்றால் தன் மனைவியைக் கடைசிப் பந்திக்கு அனுப்புவார். கடைசிப் பந்தி வரும்போது வாளியில் சோறு இருக்காது. தவமலர் ஒன்றும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து பாணைச் சுட்டுத் தின்றுவிட்டுப் படுப்பாள்.

தவமலர் கிக்போலுக்கு வந்ததும் ஆள் காணாமல்தான். நோர்பரி நண்டுகள் என்கிற கௌசியின் அணிக்கு நாலாவது பெண் கிடைக்கவில்லை. "அன்ரி, சும்மா வந்து நில்லுங்கோ, காணும்" என்றாள் கௌசி. ஐம்பத்தொரு வயதில், பள்ளிக்கூடக் கன்ரீனில் முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டுக் களைத்த கால்களோடு, தவமலர் சும்மாதான் வந்து நின்றாள். மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு சும்மா நிற்க முடியவில்லை. விடிய எழும்பி, பஞ்சாபிச் சட்டைக்கு மேலே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, பார்க்கைச் சுற்றி ஓடத் தொடங்கினாள். ஏழு ஆட்டம் முடிந்தது. அணியில் எல்லோரும் ஒரு ஓட்டமாவது எடுத்துவிட்டார்கள், அவளைத் தவிர. முதலாம் பேஸ், இரண்டாம் பேஸ், ஒருமுறை மூன்றாம் பேஸ்வரைகூடப் போனாள். ஹோமை மிதித்ததில்லை.

"ஒரே ஒருக்கா மிதிச்சால் காணும். பிறகு கால் ஏலாட்டிலும் பரவாயில்லை" என்று கடைசி ஆட்டத்துக்கு முதல்நாள் சமைத்துக்கொண்டு சொன்னாள். அவள் எதையும் கேட்டு அவர் கண்டதில்லை. அதனாலோ என்னவோ, அந்தச் சொல் அவர் வயிற்றில் போய் இருந்துகொண்டது.

கடைசி ஆட்டம் மனோர் பார்க் மயில்கள் என்கிற அணியோடு. அம்பயர் கணேசலிங்கம். மயில்களின் கப்டன் பிரியந்தன், மின்வேலை செய்கிறவன், நாற்பது வயது, பேச்சுக் குறைவு. பேச்சுக் குறைந்தவர்களைக் கண்டால் கணேசலிங்கத்துக்குப் பயம். கத்துகிறவனை விதியைக் காட்டி அடக்கலாம், பார்த்துக்கொண்டு நிற்கிறவனை என்ன செய்வது? ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவருடைய கண் பந்தில் பாதி, பிரியந்தன் முகத்தில் பாதி. கால் நிலைகொள்ளாமல் கோட்டோரமாக அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தார். "அங்கிள், உங்களைப் பார்க்க எங்களுக்குத் தலை சுத்துது" என்று கௌசி சிரித்தாள்.

நாலாவது சுற்றில் தவமலர் மூன்றாம் பேஸில் நின்றாள். நண்டுகளுக்கு ஏற்கெனவே இரண்டு அவுட், இன்னொன்று போனால் சுற்று முடிந்துவிடும். அடுத்தவர் பந்தை உதைத்தார், அது தாழப் பறந்து இடதுபக்கம் போய் விழுந்தது. தவமலர் ஓடினாள். தலையைக் குனிந்து, இரண்டு கையையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிடப் போகிறவள் ஓடுவதுபோல ஓடினாள். மயில்களின் ஆள் பந்தை எடுத்து எறிந்தான். கணேசலிங்கம் பார்க்கவேண்டியது அவளுடைய காலை. அவர் பார்த்தது பிரியந்தனின் முகத்தை. அவளுக்குச் சரியென்று கை காட்டினால் அந்த முகம் என்ன ஆகும் என்பதைத்தான் பார்த்தார்.

கண் தப்பினாலும் காது தப்பவில்லை. றப்பர் பாயில் சப்பாத்து விழுந்த சத்தம் முதலில் கேட்டது. பந்து முதுகில் பட்ட சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் அவர் கை அதற்குள் உயர்ந்துவிட்டது.

"அவுட்!"

தவமலர் பாயின்மேல்தான் நின்றாள். மூச்சு வாங்கியது. குனிந்து தன் காலைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கப்டன் மட்டுமே கதைக்கலாம் என்பது விதி, அவள் வாய் திறக்கவில்லை.

கௌசி ஓடி வந்தாள். "அங்கிள், ஷுவரா? கால் முதலே பட்ட மாதிரி இருந்தது."

"அவுட் எண்டால் அவுட்."

மூன்றாவது அவுட். அணிகள் இடம் மாறின. தண்ணீர் குடித்து, ஆட்களை ஒழுங்குபண்ணி, அடுத்த பந்து உருள எப்படியும் மூன்று நாலு நிமிடமாகும். அந்த மூன்று நாலு நிமிடத்துக்குள் தீர்ப்பை மாற்றலாம், அவரே எழுதிய விதி. கணேசலிங்கம் சுடுதண்ணி பட்ட நாயைப்போலக் கோட்டில் அலைந்தார். பாய் கொஞ்சம் இடம் விலகிக் கிடந்தது. அதன்மேல் அவளுடைய சப்பாத்தின் மண் அடையாளம் முழுதாக இருந்தது. குனிந்து பாயை நேராக்குகிற சாட்டில் அதைக் கையால் துடைத்தார். துடைத்ததும் இன்னும் மோசமாக இருந்தது. இப்போது மாற்றினால் மனைவிக்காக மாற்றினான் என்பார்கள். மாற்றாவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் சொல்லமாட்டாள் என்பதை நம்பித்தானே இத்தனை வருடமும் நல்ல பெயர் எடுத்தார்? இப்படி ஒரு எண்ணம் அவருக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அதை உதறப் பார்த்தார், போகவில்லை.

கௌசி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் சொன்னால்தான் உருட்டலாம். தவமலர் தூரத்தில், தனக்குத் தந்த மூலையில், முழங்காலில் கையை ஊன்றி நின்றாள்.

"பிளே," என்றார் கணேசலிங்கம். பந்து உருண்டது.

நோர்பரி நண்டுகள் ஆறுக்கு நாலு என்று வென்றார்கள். அந்த ஓட்டம் தேவைப்படவே இல்லை. கத்திக் குதித்தார்கள், கௌசியைத் தூக்கினார்கள், ஒருவருக்கொருவர் தண்ணீர் ஊற்றினார்கள். அவுட்டாவது ஒன்றாவது, எவருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு பிழை இவ்வளவு சுலபமாகக் கரைந்துபோகும் என்றால் வேறு எந்த மனிதருக்கும் நிம்மதியாக இருக்கும். கணேசலிங்கத்துக்கு இருக்கவில்லை. தோற்றிருந்தாலாவது யாராவது வந்து திட்டியிருப்பார்கள்.

பிறகு கைகொடுக்கிற வரிசை. இரண்டு அணிகளும் எதிரெதிராக நடந்துவர, கடைசியில் அம்பயர். "நல்ல மட்ச்", "நல்ல மட்ச் அண்ணை" என்று கைகள் வந்து போயின. அந்த வரிசையில் தவமலரும் வந்தாள். இருபத்தெட்டு வருடத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்ததில்லை. அவள் மற்றவர்களைப் போலவே கையை நீட்டினாள்.

"நல்ல மட்ச், அம்பயர்," என்றாள்.

அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். இருக்கவில்லை. கோயிலில் வெறும் வாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இருந்த அதே முகம். அவள் கையை அவர் விடவில்லை.

"நீர் தொட்டனீர்," என்றார் மெதுவாக. "எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். ரெண்டுபேருக்கும் தெரிஞ்சு என்ன செய்யிறது?" கையை இழுத்துக்கொண்டு போனாள்.

சாப்பிடக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியைச் சுற்றிச் சனம் நின்றது. கணேசலிங்கம் நேரே போய் விசிலை ஊதினார். ரோல்ஸைக் கடித்த வாய்கள் அப்படியே நின்றன.

"நாலாவது சுற்றில மூண்டாவது அவுட் பிழை," என்றார். "அவ பாயை மிதிச்ச பிறகுதான் பந்து பட்டது. நான் காலைப் பார்க்கேல்லை. பிரியந்தன், உம்மட முகத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டனான். மனிசிக்குச் சாயிறன் எண்டு நீர் நினைப்பீர் எண்டு பயந்து அவுட் குடுத்தன்."

பிரியந்தன் கையில் இருந்த கடதாசித் தட்டைக் கீழே வைத்தான்.

"அண்ணை, அவ தொட்டதை நான் வடிவாப் பார்த்தனான். நீங்கள் ஏன் அவுட் குடுத்தனீங்கள் எண்டுதான் விளங்காமல் நிண்டனான்."

"பார்த்தனீரோ? அப்ப ஏன் சொல்லேல்லை?"

"எங்களுக்குப் பாதகமான தீர்ப்பைப் பற்றித்தான் கப்டன் கதைக்கலாம் எண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள். அது எங்களுக்குச் சாதகமெல்லோ."

யாரோ அடக்கமுடியாமல் சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். எந்த முகத்துக்குக் கணேசலிங்கம் பயந்தாரோ, அந்த முகம் அவளுக்குச் சாட்சியாக அல்லவா நின்றிருக்கிறது! முப்பத்தேழு வருடமாக அவர் பயந்த முகங்களில் எத்தனை இப்படி இருந்திருக்கும் என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

கௌசி போய்ப் புள்ளிப் புத்தகத்தை எடுத்து வந்தாள். "அங்கிள், அன்ரியின்ர ஓட்டத்தைப் போட்டுவிடுறன். ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லமாட்டினம்."

"வேண்டாம், பிள்ளை," என்றாள் தவமலர். "பந்து உருண்டிட்டுது. விதி விதிதான்."

அவள் சனத்தை விலக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றாள். முதுகில் பந்து பட்ட இடத்தில் சட்டை மண்ணாக இருந்தது.

"என்ர மனிசி எண்டதால அவுட் குடுத்தன் எண்டு சொன்னீங்கள் தானே?"

"ஓம்."

"இண்டைக்கு மட்டுமே?"

கணேசலிங்கம் சுற்றி நின்ற முகங்களைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"இல்லை," என்றார், எல்லோருக்கும் கேட்க.