ஒற்றை விரலுக்கு என்ன அர்த்தம்?

போன செவ்வாய்க்கிழமை மதியம் எனக்கு ஒரு மெயில் வந்தது. மொழியும் தகவல் தொடர்பும் பற்றி நடக்கப்போகும் ஒரு கருத்தரங்குக்கு நான் அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டார்களாம்!

காலேஜ் ஸ்டாஃப் ரூமில் சத்தமாகவே சொன்னேன். ஆறு பேர் இருந்தார்கள். “கங்கிராட்ஸ் மேடம்” என்றது ஒரு குரல் — தலை மட்டும் போனை விட்டு நிமிரவில்லை. “சர்டிஃபிகேட் தருவாங்களா?” என்றார் துறைத் தலைவர். தருவார்கள் என்றேன். “அப்ப சரி.”

கொண்டாட்டம் முடிந்தது.

வேறு யாரிடம் சொல்வது? ஆரணிக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம். ஒரு மாடி போர்ஷன், ஒரு ஸ்கூட்டி, நான். போனில் இருக்கும் பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே வந்தேன்... சிலிண்டர் போடுபவர், பிளம்பர், எப்போதோ படித்துப் போன மாணவிகள். போனை வைத்துவிட்டேன்.

ஆய்வு என்னவென்று சொல்லிவிடுகிறேன். செய்யார் ரோட்டில் ஒரு பவர்லூம் ஷெட். செல்வியும் அவர் கணவர் குமாரும் அங்கே பட்டுத் தறி ஓட்டுகிறார்கள். எட்டுத் தறிகள் ஒன்றாக ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது. ஆனால் இவர்கள் நாள் முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள் — விரலால், புருவத்தால், உதட்டால். நூல் அறுந்தது, மாமியாருக்கு மூட்டு வலி, சாயந்திரம் என்ன குழம்பு... எல்லாமே! நான்கு மாதம் சனிக்கிழமைதோறும் போய் வீடியோ எடுத்தேன். முப்பத்தொரு சைகைகளுக்கு அர்த்தம் எழுதினேன்.

அதில் ஒன்றைப் பற்றி எனக்குத் தனிப் பெருமை. யாரிடமும் கேட்காமல் நானே கண்டுபிடித்தது அது. செல்வி ஒற்றை விரலை உயர்த்துவார். மெல்ல மடக்கி நெஞ்சில் வைப்பார். அடுத்த ஐந்தாவது நிமிடம் குமார் டீயோடு வந்து நிற்பார். ‘ஒரு டீ வாங்கி வா.’ இதைவிடத் தெளிவாக வேறென்ன வேண்டும்? சுருக்கத்தில் முதல் உதாரணமே அதுதான்.

சனிக்கிழமை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கப் போனேன். நான் நுழைந்ததுமே செல்வி விரலை உயர்த்தினார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நானும் அதே சைகையைச் செய்து, குமாரைக் காட்டி, ‘டீ!’ என்று வாயசைத்தேன்.

செல்வியின் முகம் மாறிவிட்டது. தறியை நிறுத்தினார். குமாரும் நிறுத்தினார். ஒவ்வொன்றாக மற்றவர்களும் நிறுத்த, ஷெட்டே அமைதியாகிவிட்டது.

“இன்னா மேடம்... இத்த டீன்னா எழுதி அனுப்பிட்டீங்க?” என்றார் செல்வி.

“ஆமா. டீதானே?”

“டீக்கு இது மேடம்” என்று கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினார் குமார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அப்ப அது?”

“நீயே சொல்லு” என்றார் குமார், மனைவியிடம்.

செல்வி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “தப்பா நெனச்சிக்காதீங்க. இங்க வர்றவங்க எல்லாருக்கும் ஒரு அடையாளம் வெச்சிகினு இருக்கோம். ஓனருக்கு மீசை. நூல் கொண்டாறவருக்குத் தொப்பை. நீங்க... ‘தனியாளு வந்திருக்காங்க’ன்னு சொல்லுவேன். அவரா போயி டீ வாங்கியாந்துடுவாரு.”

“தனியாத்தான் இருக்கேன்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே?”

“சொல்லணுமாங்க? வேலை முடிஞ்சப்புறமும் நீங்க கெளம்ப மாட்டீங்களே...”

முகம் சுட்டது. படிவத்தை மடித்து மடித்துப் பிரித்தேன். ஒருவழியாக, “இதை மாத்தி எழுதட்டுமா?” என்றேன்.

“டீயாவே இருந்துட்டுப் போவட்டும் மேடம்” என்றார் குமார். “யாருக்குத் தெரியப் போவுது?”

உண்மைதான். அந்த அரங்கில் யாருக்குத் தெரியும்? டீ என்றால் சிரிப்பார்கள், கைதட்டுவார்கள். இல்லாவிட்டால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு முப்பது என்று போட்டுக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையெல்லாம் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பிள்ளைகளிடம் ‘கண்டதை எழுதுங்கள், விரும்பியதை எழுதாதீர்கள்’ என்று வருடா வருடம் சொல்கிறவள் நான். எந்த முகத்தோடு மறுபடி சொல்வேன்?

செல்விக்குப் போன் செய்து, உள்ளபடியே எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்க” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார். ஒன்றும் இல்லை என்றேன்.

கருத்தரங்குக்காரர்களின் திருத்தப் படிவத்தைத் திறந்தேன். ‘ஆய்வாளரைக் குறிக்கும் சைகை. பொருள்: தனியாள்.’ இந்த ஒரு வரியை அடிக்க அரை மணி நேரம் ஆனது.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் — ‘திருத்திய பொருளைச் சரிபார்த்தவர் யார்?’

என் பெயரையே போட்டேன்.