வண்டிக்கு ஒரு குரல்

"ஊதாதே ஆத்தா, தானா ஆறட்டும்" என்றார் பாண்டித்துரை. சாலிடர் வைத்த முனையில் ஈயம் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. சந்தியா ஊதக் குவித்த வாயை மூடிக்கொண்டாள்.

ஷார்ஜாவில் அவளும் வேறு மூன்று பெண்களும் குடியிருந்த வீட்டின் அடுக்களை மேசை அது. அப்பா ஒயரை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ள, மகள் பற்றவைத்தாள். தீப்பெட்டி அளவில் சிறிய பஸ்ஸர்கள். வண்டி நகர்ந்தால் கூவும், நின்றால் அடங்கும். ஒவ்வொன்று முடிந்ததும் அதை மாட்டுவதற்கான இரண்டு திருகாணிகளைக் கறுப்பு டேப்பால் அதன் முதுகிலேயே ஒட்டினார் பாண்டித்துரை. எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் மாட்டினாலும் அவருக்கு அதுதான் வழக்கம். "திருகாணியத் தனியா வச்சா அது தனிக்குடித்தனம் போயிரும்" என்பார்.

2008, வெயில் இறங்கத் தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

பாண்டித்துரை தேவகோட்டைப் பக்கத்துக்காரர். ஜெபல் அலியில் ஒரு சரக்குக் கிடங்கின் பட்டறையில் டீசல் மெக்கானிக். வண்டிகளைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பது அவருக்கு எளிது. நீளத் திருப்புளியின் முனையை இஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கிடங்குக்குள் நடக்கும்போது தலையைத் திருப்ப மாட்டார். முதுகுக்குப் பின்னால் எது வருகிறது, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சத்தமே சொல்லிவிடும். வண்டி நெருங்கினால் பாதி வாக்கியத்தில் இருந்தபடியே ஓரடி ஒதுங்குவார். வண்டி போகும். வாக்கியத்தின் மறுபாதி தொடரும்.

அதே டீசல்தான் அவர் மூக்கில் கரியாகவும் படிந்தது. மூடிய கிடங்கு, நாள் முழுக்கப் புகை. வேண்டுமென்றே வெள்ளைக் கைக்குட்டை வைத்திருந்தார். ஒருநாள் மேனேஜர் அறைக்குள் போய், அவர் எதிரிலேயே மூக்கைச் சிந்தி விரித்துக் காட்டினார். "பாருங்க சார். இது சளியா, தாரா?" மேனேஜர் அன்று மதியம் சாப்பிடவில்லை என்று பட்டறையில் பேச்சு.

கைக்குட்டை ஜெயித்ததோ, டீசல் செலவு ஜெயித்ததோ, கம்பெனி சீனாவிலிருந்து சரக்கு ஏற்றும் சின்ன பேட்டரி வண்டிகள் வாங்க முடிவு செய்தது. பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு வர அவரையே அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. தெருவைப் பற்றித்தான் பேசினார்.

"ஊரே பேட்டரி ஸ்கூட்டர்ல போவுது ஆத்தா. பொம்பளைங்க குடைய வண்டியிலயே கட்டிக்கிட்டுப் போறாக. சாயங்காலமானா பேட்டரியக் கழட்டி, தண்ணிக்குடம் மாதிரி மாடிக்குத் தூக்கிட்டுப் போயிச் சார்ஜ் போடுறாக. நான் ரோட்டுல நின்னு கண்ண மூடிப் பாத்தேன். ஹார்னு மட்டுந்தான், இஞ்சினு ஒண்ணுகூட இல்ல. தொறந்தா, அம்புட்டுப் பேரு!"

"அங்க கரண்டு பாதிக்கு மேல நிலக்கரிலதாம்ப்பா எடுக்கிறாங்க. புகை இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்." சந்தியா மின்பலகை செய்யும் ஒரு கம்பெனியில் எலக்ட்ரிக்கல் இஞ்சினியர். அவளுக்கு இப்படித்தான் பேச வரும்.

"கரண்டெடுக்கக் காத்தாடியும் நட்டுக்கிட்டுத்தான் இருக்கான், ரயில்ல போகையில பாத்தேன். மெதுவா மாறட்டும். கரி எங்கிட்டாவது எரியட்டும்த்தா, என் மூக்குக்குள்ள எரிய வேணாம்."

வண்டிகள் வந்தன. பாண்டித்துரை காலையில் சாவியைத் திருகிவிட்டு, ஓட்டாமல் பக்கத்திலேயே காத்து நிற்பார். வண்டி சூடாகட்டுமாம். மோட்டாருக்கு எதற்குச் சூடு என்று சந்தியா போனில் சிரித்தால், "எழுப்புன ஒடனே நீ ஓடுவியா?" என்பார். முப்பது வருடத்துப் பழக்கம். புது வண்டிக்குக் கை பழகினாலும் காது பழகவில்லை. கிடங்கில் வண்டி ஓட்டும் தொண்டிக்காரர் லுக்மான் அவர் வயதுக்காரர், மச்சான் முறை கொண்டாடுபவர். "என்ன மச்சான், டீசலுக்குத் தலாக் சொல்லிட்டியளா?" என்று கிண்டல் செய்வார். "போடா மாப்ளே, ரெண்டு பேரையும் வச்சுக் காப்பாத்துவேன்" என்று பதில் வரும்.

ஒரு மாதத்தில் கிண்டல் நின்றது. பெட்டி சுமந்து போன ஒரு பையனின் குதிகாலைப் பேட்டரி வண்டி உரசிவிட்டது. பையன் அலறியபோதுதான் எல்லோருக்கும் அங்கே வண்டி இருப்பது தெரிந்தது. பாண்டித்துரை மறுபடி மேனேஜரிடம் போனார். சீனாவில் ஒருவன்கூட ஹார்னிலிருந்து கட்டைவிரலை எடுப்பதில்லை, அதனால்தான் அங்கே ஊர் பிழைக்கிறது, இங்கே இவற்றுக்கு ஒரு குரல் வேண்டும் என்றார். புகையும் சத்தமும் கூடாதென்றுதானே இவற்றை வாங்கினோம் என்றார் மேனேஜர்.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை, மகளின் அடுக்களை மேசை, பஸ்ஸர்கள். "யாரு மேலயாச்சும் ஏறுறதுக்குள்ள மாட்டிப்புடணும்" என்று பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

மாட்டவும் செய்தார். மற்றவர்களுடைய வண்டிகளுக்கெல்லாம் முதலில். அடுத்தவன் பொருளைப் பழுது பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதைத் தொடுவார். அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பில் பாதிப் பேருடைய ரேடியோ அவர் கையால் பிழைத்தது. அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் மட்டும் வருடக்கணக்காக நூலில் தொங்கியது. பட்டறையின் சொந்த வண்டி மிஞ்சி நின்றது. லுக்மான் ஞாபகப்படுத்தியதற்குப் பாண்டித்துரை சொன்னது இவ்வளவுதான்: "நம்ம வண்டிதானடா, எங்க ஓடிப்போவுது? நாளைக்கிப் பாப்பம்."

மறுநாள் காலை ஒரு பழைய டீசல் வண்டி திணறிக்கொண்டு பட்டறைக்கு வந்தது. பாண்டித்துரை திருப்புளியை ஊன்றிக் காதெலும்பில் வைத்துக் கண்ணை மூடினார். கோளாறு பிடிபட்டிருக்க வேண்டும். "ஆங்" என்று சொல்லிப் பின்னால் அடியெடுத்து வைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. லுக்மான் பட்டறை வண்டியைப் பின்பக்கமாக எடுத்துக்கொண்டிருந்தார். வண்டியில் அடுக்கிய பெட்டிகள் தலை உயரத்துக்கு மறைத்தன. வண்டி மெதுவாகத்தான் இடித்தது. விழுந்தவரின் தலை சிமெண்ட் விளிம்பில் பட்டது.

சந்தியாவுக்குப் போன் செய்ததும் லுக்மான்தான். "மருமகளே... நாந்தான் ஓட்டுனேன் மருமகளே."

அவள் கேட்டது ஒன்றுதான். "என்ன வேகம்?"

"நடக்கிற வேகந்தான் தாயி. மனுசன் நடக்கிற வேகம்."

அவள் போனை வைத்துவிட்டு, பாதியில் விட்டிருந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக முறுக்கி முடித்தாள். மின்பலகையின் கதவைச் சாத்தினாள். சாவியை அதன் கொக்கியில் மாட்டினாள். பிறகு பக்கத்து மேசைக்காரரிடம் போய், நடக்கிற வேகத்தில் வந்த வண்டி இடித்து ஓர் ஆள் சாக முடியுமா என்று கேட்டாள். சந்தேகம் கேட்கிற குரல்தான். அவர் சிரித்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து எழுந்து நின்றார்.

உடலைக் கொண்டுபோய் ஊரில் காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பியதும், அவருடைய கருவிப்பெட்டியை வாங்க ஜெபல் அலிக்குப் போனாள். கிடங்கில் புகை இல்லை. பேட்டரி வண்டிகள் ஒவ்வொன்றும் அவள் பற்றவைத்த குரலில் கூவிக்கொண்டு திரும்பின. அந்தச் சத்தத்தைக் கேட்டும் மேனேஜர் இப்போது எதுவும் சொல்வதில்லையாம்.

பட்டறை வண்டியை மட்டும் லுக்மான் கையால் தள்ளிக்கொண்டு வந்தார். சாவி போடவில்லை. முன்னால் யாரும் இல்லாதபோதும் "ஓரம்... ஓரம்..." என்று கத்தினார். அவளைக் கண்டதும் வண்டியைச் சுவரோரமாக நிறுத்திவிட்டுப் பெட்டியை எடுத்துவரப் போனார். அவள் வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். தகட்டில் சாக்குக்கட்டியால் ஒரு கட்டம். கட்டத்துக்குள் இரண்டு துளைகள் போட்டு, பிசிறு போக அரமும் போட்டிருந்தார் அப்பா.

கருவிப்பெட்டியின் மேல்தட்டில் வெள்ளைக் கைக்குட்டை மடித்திருந்தது. பிரித்தாள். துணியில் கரியே இல்லை. உள்ளே கடைசி பஸ்ஸர். அதன் முதுகில், கறுப்பு டேப்புக்கு அடியில், இரண்டு திருகாணிகள்.